கீரை என்று எழுத மாட்டேன்

எங்கள் வீட்டு வாசலில் அறுபத்தொரு ரோஸ்மேரிச் செடிகள் நிற்கின்றன. தேயிலைத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் "சுமார் ஐம்பது" என்று இருக்கிறது. பிடுங்கச் சொல்கிறவர்கள் எண்ணிவிட்டாவது சொல்லியிருக்கலாம். வாசல்படியிலிருந்து மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரம் வரை மூன்று வரிசை. இருபது, இருபது, இருபத்தொன்று. நடந்து எண்ணினால் நான்கு நிமிடம். என் முழங்காலோடு நடந்தால் ஏழு நிமிடம்.

கடிதம் என் மகள் வசந்தியின் பெயருக்கு வந்தது. கொழுந்து எடுக்கிறவள் அவள். தோட்டம் கட்டிய வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா அவள் பெயரில்தான் பதிவு. நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவளுடைய வீட்டில் தங்கியிருக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். கடிதத்தின் சாரம் இது: லயத்தை ஒட்டிய நிலத்தில் மரக்கறி பயிரிடலாம். தண்டு மரமாக முற்றி ஆண்டுக்கணக்கில் நிற்கும் எதையும் அனுமதியின்றி வைக்கக் கூடாது. வைத்ததை இருபத்தொரு நாட்களுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். என்ன நடவடிக்கை என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதைப் படித்துத்தான் வசந்திக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்த விதி எனக்குப் புதிதல்ல. என் அப்பா காலத்திலும் இருந்தது. லயத்து வாசலில் போஞ்சி வைக்கலாம், லீக்ஸ் வைக்கலாம், கோவா வைக்கலாம். மூன்று மாதத்தில் முடிந்துபோகிற எதையும் வைக்கலாம். முடியாமல் நிற்பதை வைக்கக் கூடாது. மரம் வைத்தவன் ஒருநாள் அதன் நிழலில் நின்றுகொண்டு இந்த இடம் என்னுடையது என்று சொல்லிவிடுவான் என்ற பயம்தான் காரணம். யாரும் அதை எழுத்தில் வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தோட்டத்து நாற்றுமேடைக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் உத்தியோகத்தர் தினேஷ் நல்ல பிள்ளை. கடிதம் வந்த நாலாம் நாள் மோட்டார் சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்தார்.

"ஐயா, ஒண்ணும் யோசிக்காதீங்க. ரோஸ்மேரி சமையலுக்குப் போடுற தழைதானே? கீரைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் கையெழுத்து வச்சு அனுப்பிர்றேன். ஒப்பீஸ்ல பைலை மூடிருவாங்க."

"தம்பி, கீரைத் தண்ட ஒடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"அதெல்லாம் அங்க யாருங்க ஐயா ஒடிச்சுப் பாக்கப் போறா?"

"நான் பாத்திருக்கேனே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "எதுக்குங்க ஐயா இந்த வீம்பு? சரி, அதையாவது எழுதிக் குடுங்க. நம்ம பயிற்சி வகுப்புல பத்துப் பேர் இருக்காங்க. படிக்கட்டும்."

அதனால் எழுதுகிறேன். வகுப்பில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். அதையும் இங்கேயே திருத்திவிடுகிறேன்.

வட்டகொடையிலிருந்து மேலே ஏறும் இந்தத் தோட்டத்தின் நாற்றுமேடையில் நான் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடம் சித்தி. பழகுநராக இருந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண் சலித்தேன், பை நிரப்பினேன், தண்ணீர் ஊற்றினேன், ஆட்களின் பெயர் எழுதினேன். காய்ச்சலில் படுத்தது பதினோரு நாள். மற்ற நாளெல்லாம் நகக்கண்ணில் மண்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய கண்டாக்கு ஞானமுத்து ஐயா. தோட்டத்து வெளி வேலைகள் அத்தனைக்கும் அவர்தான் தலைவர். காக்கிக் காற்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட மேஸ், சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிறிய கத்தி. அந்தக் கத்தியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது துடைப்பார். கத்தவே மாட்டார். கத்துகிற கண்டாக்குகளை எங்கள் ஆட்கள் சமாளித்துவிடுவார்கள். கத்தாதவரைச் சமாளிக்க வழி தெரியாது.

சேர்ந்த முதல் வாரம் என்னிடம் கேட்டார்: "எட்டாம் பாத்தியில எத்தன பட்டுப்போச்சு?"

"ஒரு நாப்பது இருக்குங்க ஐயா."

திரும்பிப் போனார். கால்மணி நேரம் கழித்து வந்து அதே இடத்தில் நின்று, அதே குரலில், "எட்டாம் பாத்தியில எத்தன பட்டுப்போச்சு?" என்றார்.

அதற்குள் நான் குனிந்து எண்ணியிருந்தேன். "ஐம்பத்தேழுங்க ஐயா."

"ம். இப்ப பேசலாம்."

வசந்தி என்னை எண்ணிக்கைப் பைத்தியம் என்பாள். இந்தப் பைத்தியம் எனக்கு வந்த இடம் அதுதான்.

வகுப்பில் இருப்பவர்களுக்காக வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். இப்போது அவசரத்தில் பலர் விட்டுவிடுகிற விஷயங்கள். தாய்ச்செடியிலிருந்து கிளையைக் காலையில், வெயில் ஏறுமுன் எடுக்க வேண்டும். நுனியைத் தள்ளு, சிவந்து முற்றிய அடியைத் தள்ளு. நடுவில் இருக்கிற பாதி முற்றிய பச்சைத் தண்டுதான் நமக்கு வேண்டும். ஒரு துண்டுக்கு ஓர் இலை, அந்த இலையின் கக்கத்தில் ஒரு மொட்டு, இலைக்குக் கீழே ஒன்றேகால் அங்குலத் தண்டு. மேலே கால் அங்குலம் விட்டு, இலை சாய்கிற பக்கமே சாய்வாக வெட்டு. கத்தி ஒருமுறைதான் போகவேண்டும். இரண்டாம் முறை போன துண்டு கூடைக்குப் போகக் கூடாது, தரைக்குப் போகவேண்டும். பையில் நடும்போது இலை மண்ணைத் தொடக் கூடாது. எல்லா இலையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். மேலே பொலித்தீன் மூடி, அதற்கு மேலே பன்னத் தழையால் நிழல். பிறகு பொறுமை. எட்டு வாரத்தில் அடியில் வெள்ளையாகத் திரளும். பன்னிரண்டு வாரத்தில் வேர் வரும். ஞானமுத்து ஐயா நூறு பைக்கு ஒரு பையைக் கிழித்து, வேரைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டார். அடுத்த பாத்திக்கு நகர்ந்தால் நல்லா இருக்கிறது என்று அர்த்தம்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். எனக்கு இருபத்தாறு வயது. இருபத்துமூன்று பாத்திகள், ஒரு பாத்திக்கு எண்ணூறு பை, மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு. ஒன்பது பாத்திக்கு வழக்கம்போலக் காட்டு மண் வந்தது. பிறகு மழையில் காட்டு ரோடு சரிந்து லொறி போக முடியவில்லை. நிலம் வெடித்ததால் இரண்டு வருடத்துக்கு முன் இடித்துத் தள்ளிய ஒரு பழைய லயம் ரோட்டோரம் இருந்தது. அந்த இடத்து மண் கறுப்பாக, பொலபொலவென்று, பார்த்தால் கையில் அள்ளத் தோன்றும்படி இருந்தது. ஞானமுத்து ஐயா அள்ளினார், பிசைந்தார், முகர்ந்தார். "இதையே போடுங்க" என்றார். பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அவர் கை சொன்னால் போதும் என்று நாங்களும் நம்பினோம்.

பத்தாம் வாரத்தில் இலைகள் மஞ்சளித்தன. பையைக் கிழித்துப் பார்த்தால், தண்டின் அடி பாலாடைபோல் திரண்டு பருத்து நிற்கிறது, வேர் ஒன்றுகூட இல்லை. பதினான்காம் வாரத்தில் இலைகள் உதிரத் தொடங்கின. பெரியதொரை, அதாவது தோட்டத்து மனேஜர், வந்து பார்த்தார். தண்ணீர் ஒழுங்காக ஊற்றவில்லை என்று முடிவு செய்தார். ஞானமுத்து ஐயா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிய பதினொரு பெண்களுக்கும் மறுநாளிலிருந்து பெயர் இல்லை என்றார்கள். பெயர் இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை, அடுத்த நாளும் என்ன ஆகும் என்று தெரியாது.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி மாரியாயி. என் வயதுதான், வாய் மட்டும் நீளம். மாலையில் என்னை ரோட்டில் மறித்துக்கொண்டாள்.

"என்ன கணக்கப்புள்ள, ஒம்பது பாத்திக்கு ஊத்துன கைதானே மிச்சத்துக்கும் ஊத்துச்சு? சோத்துக் கையால ஊத்துனது பொழச்சுச்சு, பீச்சாங்கையால ஊத்துனது செத்துப்போச்சா?"

"நான் என்ன பண்றது? தொரை சொல்லிட்டாரு."

"அந்த மண்ணு நாங்க குடியிருந்த லயத்து மண்ணு. மூணு தலமொறையா அடுப்புச் சாம்பல அங்கதான் கொட்டுனோம். அதுல பூசணி காய்க்கும். தேயிலக் கன்னு வச்சா மஞ்சளாப் போயிரும். எங்க லயத்துல நண்டு சிண்டுக்கும் தெரியும். ஒங்க கண்டாக்கையாவுக்குத் தெரியாதா? இல்ல, தெரியலன்னு சொல்ல வெக்கமா?"

நான் விலகி நடந்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பைக் கொன்றுவிடும். பாடத்தில் படித்திருந்தேன், லயத்தில் பிறந்தும் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் குனிந்து எண்ணினேன். காட்டு மண் போட்ட ஒன்பது பாத்திகளில் ஏழாயிரத்து இருநூறு பை. பட்டுப்போனது நானூற்றுப் பதினொன்று. லயத்து மண் போட்ட பதினான்கு பாத்திகளில் பதினோராயிரத்து இருநூறு பை. பட்டுப்போனது ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு. பாத்தி வாரியாக இருபத்துமூன்று வரி எழுதி, ஞானமுத்து ஐயாவின் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலீங்க ஐயா."

"கேக்காதத எழுதுறது கணக்கு இல்ல."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில், கத்திக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்த மனுஷன். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தீரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் இன்னொரு பிரதி எழுதினேன். மறுநாள் வியாழக்கிழமை, பெரியதொரை பெரட்டுக்கு வரும் நாள். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் அத்தனை ஆட்களும் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றிருந்தபோது, நான் முன்னால் போய், தாளை விரித்து, ஒன்றாம் பாத்தியிலிருந்து உரக்க வாசித்தேன். இருபத்துமூன்று வரியும் வாசித்து முடியும்வரை யாரும் அசையவில்லை.

பெரியதொரை கேட்டார்: "நீ கண்டாக்கு ஐயா செஞ்சது பிழைன்னு சொல்றியா?"

"நான் பாத்தியச் சொல்றேங்க தொரை."

ஞானமுத்து ஐயா எனக்கு இரண்டடி பின்னால் நின்று கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மண்ணிலும் ஒவ்வொரு பை ஆய்வுக்கூடத்துக்குப் போனது. காட்டு மண் சரி, லயத்து மண் தேயிலைக்கு ஆகாது என்று முடிவு வந்தது. பெயர் நிறுத்திய பத்தொன்பதாம் நாள் பதினொரு பெண்களும் திரும்ப வேலைக்கு வந்தார்கள். அந்தப் பதினெட்டு நாள் கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு எட்டாம் நம்பர் தேயிலை மலையில் புல்லு வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் வேலை கொடுத்தார்கள். போக வர ஏழு மைல். இரண்டு வருடம் நடந்தேன். என் முழங்கால் கெட்டது அங்கேதான்.

பிறகு என்னைத் திரும்ப நாற்றுமேடைக்குக் கேட்டு எழுதியவர் ஞானமுத்து ஐயாவேதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த நாளைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் அவர் ஓய்வுபெறும்வரை, புதிதாக எங்கே மண் தோண்டினாலும் எனக்கு ஆள் அனுப்புவார். ஒரு பிடி மண்ணை அள்ளி, என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டி, "சொல்லு" என்பார். அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. மாரியாயியிடமும் அதே கையை நீட்டியிருக்க வேண்டும்.

ரோஸ்மேரி என் கைக்கு வந்தது ஓய்வுக்கு மூன்று வருடம் முன்னால். பங்களாவில் இருந்த தொரைசாணி, நுவரெலியாவில் யாரோ கொடுத்த கிளைகளை அனுப்பி, "நாற்றுமேடைக்காரரிடம் வேர் பிடிக்க வைக்கச் சொல்லுங்கள்" என்றார். இருபது துண்டு. முப்பத்தைந்து வருட அனுபவம் எனக்கு! புளிப்பு மண், நல்ல ஈரம், பொலித்தீன் மூடி, பன்ன நிழல் எல்லாம் தேயிலைக்குச் செய்ததுபோல ஒன்று விடாமல் செய்தேன். இருபதும் அழுகியது. பத்தொன்பது அல்ல, இருபது.

எனக்கு அவமானமாகிவிட்டது. மறுபடி இருபது கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்பு செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்தேன். நாலு அங்குலத் துண்டு, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஆற்று மணலும் உடைத்த செங்கலும் கலந்து நட்டேன். மூடவில்லை. நிழல் போடவில்லை. மேல்மண் காய்ந்து விரலில் ஒட்டாத அன்றைக்கு மட்டும் தண்ணீர். ஏழாம் வாரம் பதினேழு வேர் விட்டது. அவற்றை எங்கே நடுவது? எங்கள் வாசலில் அடுப்புச் சாம்பல் கொட்டிய மேடு ஒன்று இருந்தது. எந்தத் தேயிலைக்காரனும் திரும்பிப் பார்க்காத மண். இந்த மழை நாட்டில் வேரில் தண்ணீர் நின்றால் செத்துவிடும் என்று, கல் அடுக்கி வரப்பை ஓரடி உயர்த்தி, அதில் நட்டேன். தேயிலைக்கு விஷமான சாம்பல் ரோஸ்மேரிக்குப் பால் சோறு. ஒரு வருடத்தில் இடுப்பளவு. பனி மூடிய காலையில் கதவைத் திறந்தால் கற்பூரமும் எலுமிச்சையும் கலந்ததுபோல ஒரு மணம் உள்ளே வரும். செடி கண்ணுக்குத் தெரியாது, மணம் மட்டும் தெரியும்.

பிறகு இன்னொரு பிழை. இதைத் தேயிலையில் வேலை செய்தவனைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். செடி கிளை பரப்பிக் கலைந்து நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறோமே, இலை ஒன்றில்லாமல் மொட்டைக் கட்டையாக. எழுபது நாளில் துளிர்க்கிறதே. அதுபோல இதுவும் துளிர்க்கும் என்று நினைத்தேன். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, முழங்கால் உயரத்தில் முதல் வரிசை ஒன்பதையும் வெட்டினேன். வெட்டு அவ்வளவு சுத்தம். ஞானமுத்து ஐயா பார்த்திருந்தால் அடுத்த வரிசைக்கு நகர்ந்திருப்பார். தினமும் போய்க் கட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வசந்தி கேட்டாள்: "என்னப்பா, மொட்டையும் அடிச்சுவிட்டுட்டு முடி வந்துருச்சான்னு தெனமும் தடவிப் பாக்குறீங்க?"

எழுபத்திரண்டு நாள் பார்த்தேன். ஒன்பதும் செத்துப்போயின. ரோஸ்மேரி இலை உள்ள இடத்துக்குக் கீழே, வெறும் கட்டையில் வெட்டினால் துளிர்க்காது. அதற்கு மறுபிறப்பு இல்லை. பச்சை இருக்கும் அளவுக்குள்தான் வெட்ட வேண்டும். வாழ்நாளெல்லாம் வெட்டினால் துளிர்க்கும் என்று பழகியவன் நான். வெட்டினால் துளிர்க்காதது ஒன்று உண்டு என்று கற்றுக்கொள்ள ஒன்பது செடியைக் கொன்றேன். மிச்சம் எட்டிலிருந்து வளர்த்ததுதான் இந்த அறுபத்தொன்று. வாரத்துக்கு ஒரு தடவை நுவரெலியா ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆள் வந்து கட்டுக் கட்டாக வெட்டிப் போகிறார். போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு கொத்து ஒடிப்பார்கள். யார் எத்தனை ஒடித்தார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்பதில்லை.

இப்போது சொல்லுங்கள், இதைக் கீரை என்று எழுதவேண்டுமா? ஒரு பொய்தானே என்று தினேஷ் நினைக்கிறார். எழுதினால் செடி தப்பிக்கும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாளில் நான் என்ன ஒத்துக்கொள்கிறேன்? என் வாசலில் நிலைத்து நிற்பது எதுவுமில்லை, மூன்று மாதத்தில் போய்விடும் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் இந்தத் தோட்டத்துக்கு, நூறு வருடம் நிற்கிற செடியை வேர் பிடிக்க வைத்துக் கொடுத்தவன் நான். ஒரு மலைக்கு அல்ல, பதினாறு மலைக்கு.

ஆனால் வசந்தியின் கணக்கு வேறு. கடிதம் வந்து ஒரு வாரம் கழித்துக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"கீரைன்னு சொன்னா ஒங்க நாக்கு தேஞ்சா போயிரும்? நீங்க வேலைய முடிச்சுட்டு வந்து ஒக்காந்துட்டீங்க. நாளைக்குப் பெரட்டுல போயி நிக்கப் போறது நான். எம்பேர நிப்பாட்டுனா நீங்க தாள் வாசிப்பீங்களா?"

பெயர் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பதினொரு பேரிடம் பார்த்தவன் நான். அவள் பெயரை வைத்து நான் வீம்பு பண்ண முடியாது.

"வீடு ஒம்பேர்ல. நீ சொன்னா இன்னிக்கே அறுபத்தொண்ணையும் நானே பிடுங்கிர்றேன். வச்சா மரம்னு சொல்லித்தான் வப்பேன். ரெண்டுல ஒண்ணு நீ சொல்லு" என்றேன்.

பதினைந்து நாள் அவள் எதுவென்று சொல்லவில்லை. அத்தனை நாளும் நான் மண்வெட்டியைக் கதவோரம் சாத்தி வைத்திருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள், பகல் கொழுந்தை எடைபோட்டு முடிந்த நேரம், சின்னதொரை வந்தார். உதவி மனேஜர், வயது இருபத்தெட்டுக்கு மேல் இருக்காது. தமிழ் நன்றாகப் பேசுவார். கூடவே தினேஷும், கையில் மண்வெட்டியோடு செல்வமும் வந்தார்கள். செல்வம் எங்கள் எதிர் லயத்துப் பையன், கான் வெட்டுகிறவன், என்னை மாமா என்று கூப்பிடுவான். அன்றைக்கு என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வசந்தி அப்போதுதான் மலையிலிருந்து வந்து, மழைக்குத் தலையை மூடிய கொங்காணியோடு வாசலில் நின்றாள்.

சின்னதொரை ஒரு படிவத்தை விரித்தார். "வசந்தி, ரெண்டு கேள்விதான். இது என்ன பயிர்?"

தினேஷ் முந்திக்கொண்டார். "கீரை வகைங்க சேர். சமையலுக்கு..."

"மரங்க சேர்" என்றேன். "தண்டு மரம். கையில புடிச்சுப் பாருங்க."

சின்னதொரை பிடித்துப் பார்த்தார். ஒன்றை ஒடிக்கப் பார்த்தார், ஒடியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு வசந்தியைப் பார்த்தார். "ஐயா சொல்றத எழுதினா நான் இன்னிக்கே வெட்டணும். நீங்க சொல்லுங்க. ஒங்க கையெழுத்துதான் வேணும்."

வசந்தி படிவத்தை வாங்கினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். எனக்கு அந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது. நான் எண்ணவில்லை.

"சேர், ரெண்டாவது கட்டத்துல 'பயிரின் ஆயுட்காலம்'னு போட்டிருக்கே?"

"ஆமா. எத்தன வருஷம் நிக்கும்னு."

"இந்தக் காம்பராவுல எங்க தாத்தா இருந்தாரு, அப்பா இருந்தாரு, நான் இருக்கேன். எங்க ஆயுசக் கேக்குற கட்டம் ஒண்ணும் இல்லீங்களா?"

வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, எத்தன வருஷம் நிக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா இருவது."

"சேர், மரம்னு எழுதுங்க. இருவது வருஷம்னு எழுதுங்க. நான் கையெழுத்து வைக்கிறேன்." வைத்தாள். முழுப் பெயர், அழுத்தமாக.

சின்னதொரை நெற்றியைத் தடவிக்கொண்டார். "செல்வம், ஒரு வரிச எடு."

செல்வம் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "சேர், எனக்கு இன்னிக்குப் பெரட்டுல கான் வெட்டத்தான் பேர் போட்டிருக்கு. இதுக்குப் பேர் போடலீங்க."

"நான் சொல்றேனே."

"நாளைக்குப் பெரட்டுல, எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க சேர். வசந்தி அக்கா வீட்டு மரத்த வெட்டன்னு பேர் போடுங்க. அப்புறம் பாக்கலாம்."

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். காலையில் எந்த வேலைக்குப் பெயர் போட்டார்களோ, அந்த வேலைதான். அதைச் சொல்லி மறுத்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை பேர் காதுபட இந்த வேலைக்குப் பெயர் போட எந்தத் தொரைக்கும் மனம் வராது. சின்னதொரைக்கும் அது தெரிந்தது. படிவத்தை மடித்தார்.

"இன்னொரு கடிதம் வரும்" என்றார் வசந்தியிடம்.

"வரட்டுங்க சேர். காம்பரா நம்பரச் சரியாப் போட்டு அனுப்புங்க. போன தடவ பக்கத்து வீட்டுல போட்டுட்டுப் போயிட்டாங்க."

அவர் போகும்போது ஒரு கொத்து ஒடித்துப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அது நடந்து முப்பத்துநான்கு நாள் ஆகிறது. இன்னொரு கடிதம் வரவில்லை. வராது என்று நான் சொல்லவில்லை. வசந்திக்கு ஒரு நாளும் பெயர் நிற்கவில்லை. நாளைக்கு நின்றால் தாள் வாசிக்க இந்த முறை என்னைத் தனியாக அனுப்பப் போவதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை செல்வம் மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"மாமா, கொய்யா எத்தன வருஷம் நிக்கும்?"

"முப்பது."

"பேரிக்கா?"

"அம்பதுக்கு மேல. சரியாச் சொல்லத் தெரியல."

"அப்ப பேரிக்காவே வைக்கிறேன். குழி எவ்வளவு வெட்டணும்?"

"ரெண்டடி" என்றேன். அவன் தன் வாசலுக்குப் போய், அலுவலக ரோட்டிலிருந்து நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து, முதல் வெட்டைப் போட்டான்.